புளிப்பறைக்காரன் மூக்கு

...அதிலும் நனைந்த குடையின் நாற்றம் இருக்கிறதே, அதற்கென்று தனியாக ஒரு நரகம் கட்டி வைத்திருக்க வேண்டும், நோர்வூட்டிலிருந்து வரும் காலை பஸ்ஸில் நாற்பத்து மூன்று குடைகள், நான் எண்ணவில்லை, என் மூக்கு எண்ணியது, ஒன்று பூனை படுத்தெழுந்த குடை, ஒன்று கருவாட்டுப் பையோடு உரசிக்கொண்டு வந்த குடை, ஒன்று போன வருட மழையை இன்னும் இறக்கி வைக்காத குடை, ச்சீ, இவர்கள் எல்லோரும் மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா பஸ் ஏறுகிறார்கள்... நான் முப்பத்தாறு வருடம் தேயிலை பெக்டரியில் புளிப்பறைக்காரன், உருட்டி எடுத்த கொழுந்தைச் சிமெந்துத் தரையில் பரப்பி, அது பச்சை வாசம் போய்ப் பழ வாசத்துக்குத் திரும்புகிற அந்த ஒரே ஒரு நிமிடத்தை மூக்கால் பிடித்து, போடுங்கடா அடுப்பிலே என்று கத்துவதுதான் என் உத்தியோகம், துரை கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம் என் மூக்கைப் பார்ப்பார், அப்புறம் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார், சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், கொஞ்சம்தான். அந்த மூக்கை இப்போது யூக்கலிப்டஸ் தைலம் தடவிய லேஞ்சித் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இடது கைக்கு வேறு வேலை கிடையாது, லேஞ்சியைப் பிடிப்பதுதான் வேலை, பக்கத்தில் நாகலெட்சுமி, என் சம்சாரம், மடியில் பை, பைக்குள் என் கிளினிக் கொப்பி, பிளாஸ்க்கில் தேத்தண்ணி, நாலு ரொட்டி, அப்புறம் துணியில் சுற்றிய அந்த இருமல் மருந்துப் போத்தல், அதற்குள் மூத்திரம்.

என்னுடையது இல்லை... இதை நினைக்கும்போதே எனக்குத் தொப்புளிலிருந்து சிரிப்பு வருகிறது, லேஞ்சி இருப்பது நல்லதாகப் போயிற்று. எனக்குப் பத்து வருடமாகப் பிரஷர், சீனி வியாதியும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருதரம் கிளினிக், காலையில் போகும் முதல் மூத்திரத்தைப் போத்தலில் கொண்டுவரச் சொல்வார்கள், போன தடவை அந்த டொக்டர் பிள்ளை கொப்பியில் ஒரு பிளஸ் போட்டுவிட்டாள், பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் எனக்கு யாரும் பிளஸ் போட்டதில்லை, பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால், கிட்னியில் புரதம் கசிய ஆரம்பித்திருக்கிறது, அடுத்த தடவையும் இருந்தால் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்கிறாள். கண்டி! என் அண்ணன் மூக்கன் கிட்னிக்காகக் கண்டிக்குப் போனவன்தான், போகும்போது எண்பது கிலோ, திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கையால் தூக்கினோம், வாரத்துக்கு மூன்று தரம் இரத்தத்தை வெளியே எடுத்து மெசினில் அலசி உள்ளே விடுவார்கள், அலசி அலசிக் கடைசியில் ஆளே கரைந்து போனான், அந்த வார்ட்டின் வாசம் இப்போதும் எனக்குத் தொண்டையில் இருக்கிறது, துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி... நான் போகமாட்டேன். போகாமலிருக்க வழி என்ன? நல்ல மூத்திரம் வேண்டும். நல்ல மூத்திரத்துக்கு நான் எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம், கதவு மூலையிலேயே இருக்கிறது.

நாகலெட்சுமிக்கு இரண்டு வருடமாக முழங்கால் சரியாக மடங்காது, லயத்து வீட்டு வரிசையின் கோடியில் இருக்கிற கக்கூசுக்கு இருட்டில் படி இறங்க முடியாது என்பதால் பழைய பெயிண்ட் வாளி ஒன்று, கோயிலுக்கு நீலம் அடித்தது போக மிஞ்சினது, அதைக் காலையில் கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் ஊற்றுவது என் வேலை, ஓய்வு பெற்றவனுக்குக் கிடைத்த உத்தியோகத்தைப் பாருங்கள். வலது கையில் வாளி, இடது கையில் லேஞ்சி, முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு ஓர் ஊர்வலம், கானில் ஊற்றினால் அது நுரைத்துக்கொண்டு நிற்கும் பாருங்கள், பியர் தோற்றுப்போகும், 'நாகு, இத போத்தல்ல அடச்சு வித்தா நம்ம ரெண்டு மாடி வீடு கட்டிருவம்டி' என்று நான் லயம் முழுக்கக் கேட்கக் கத்துவேன், அவள் உள்ளேயிருந்து, 'வாய மூடுங்க, மானம் போகுது' என்பாள். இன்று காலை அதிலிருந்துதான் ஒரு போத்தல். ச்சீ என்று சொல்லாதீர்கள், நானே நூறு தரம் சொல்லிக்கொண்டேன், புனல் வைத்து ஊற்றும்போது கண்ணையும் மூடிக்கொண்டேன். ஆனால் யாருடையதை எடுப்பது? முப்பத்தெட்டு வருடம் மலையில் கொழுந்தெடுத்தவள், பிள்ளைப்பேற்றுக்குத் தவிர ஆஸ்பத்திரிக் கட்டில் தெரியாது, கிளினிக் கொப்பி கிடையாது, 'நோவு பாக்க எங்களுக்கு எங்க நேரம்' என்று சொல்லிச் சொல்லியே நோவுகளை எல்லாம் பக்கத்து லயத்துக்கு விரட்டிவிட்டவள், அவளுடையது சுத்தத் தங்கமாகத்தானே இருக்கும்... அவளுக்கு இது தெரியாது. பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் போத்தல் உடைந்துவிடாமல் பையை அணைத்துப் பிடிக்கிறாள் பாவம், தன்னுடையதைத்தான் அணைக்கிறோம் என்று தெரியாமல்.

கிளினிக் வாசலில் மரத் தட்டு ஒன்று, போத்தல்களை அதில் வைக்க வேண்டும், இந்தத் தட்டைப் பார்க்காமல் வருகிறவன் பாக்கியவான், நான் பார்க்காமல் இருப்பேனா... கொப்பி நம்பர் ஒட்டி வரிசையாக, தேங்காயெண்ணெய்ப் போத்தல், தைலப் போத்தல், நெக்டர் போத்தல், யாரோ ஒரு மகராசன் யோகட் கப்பில் கொண்டுவந்து மேலே பொலித்தீன் கட்டி றப்பர் பேண்ட் போட்டிருக்கிறான், கொழும்பிலிருந்து தேயிலை ருசி பார்க்க ஆட்கள் வரும்போது பெக்டரியில் கிண்ணம் கிண்ணமாகச் சாயம் ஊற்றி வைப்போமே, அதே வரிசை, அதே நிறங்கள், இது முதல் தரம், இது கடைசித் தூள், இது அடுப்பில் கருகினது, இது மழைக் காலத்துக் கொழுந்து, கரண்டி மட்டும்தான் இல்லை, உவ்வே, எனக்கு ஏன் இப்படியெல்லாம் தோன்றித் தொலைக்கிறது, சிரிப்பு வேறு... நான் என் போத்தலை, அவள் போத்தலை, நடுவில் ராஜா மாதிரி வைத்துவிட்டு வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தேன். நாகலெட்சுமி எப்போதும்போல உள்ளே வரவில்லை, வெளியே மாமரத்தடிக் கட்டின் மேல், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே வந்தால் ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

வாங்கில் வழக்கமான பாராளுமன்றம். எங்கள் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்த அழகுமுத்து, கடை வைத்திருக்கிற மர்சூக், தொண்ணூறு வயது காளியாயி, தொண்ணூறு என்று அவள் சொல்வது, நான் நூற்றுப் பத்து என்பேன். நோய் எங்கிருந்து வருகிறது என்பதுதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சபையில் விவாதம், இதுவரை தீர்ப்பு வரவில்லை. 'எல்லாம் மருந்துண்ணே, புல்லு சாகணும்னு அடிச்சோம், புல்லு சாகல, நம்மதான் சாகுறோம், இருவத்திரெண்டு வருசம் முதுகுல டேங்கிய சுமந்திருக்கேன், மழ பெஞ்சா அதெல்லாம் எங்க போகுது, நம்ம குடிக்கிற பீலித் தண்ணிக்குத்தான போகுது' என்று அழகுமுத்து தொடங்கினான், அவன் சட்டையில் இன்னும் அந்த மருந்து வாசம், ஓய்வு பெற்று ஏழு வருடம் கழித்தும், சத்தியமாக. மர்சூக் தலையை ஆட்டினான், 'அதெல்லாம் சும்மா. கோதம்ப மா. காலையில ரொட்டி, பகலைக்கு ரொட்டி, ராவைக்கு ரொட்டி, உள்ளுக்கு பசையாட்டம் ஒட்டிக்கும், அதுதான் சீனியாகுது, பிரஷராகுது.' 'அப்ப நீ ஏன்யா மூட்ட மூட்டையா விக்கிற?' 'நான் விக்காட்டி நீங்க மத்தக் கடையில வாங்குவீங்க அழகுமுத்தண்ணே, அந்த மாவுல வண்டும் இரிக்கும்.' காளியாயி வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள், ஐயோ அந்த வாய், அதற்குள் ஒரு சந்தையே அழுகிக் கிடக்கிறது, 'எலே, ரோதமுனி பசியோட கெடக்கான்டா. பெக்டரிய மூடி ஆறு வருசமாச்சு, ஒரு சேவல் அறுத்தீங்களா, ஒரு சுருட்டு வச்சீங்களா? அவன் காவக்காத்த பெக்டரிச் சக்கரம் நின்னுபோச்சு, அவன் சும்மா இருப்பானா, மனுசன் வயித்துக்குள்ள சுத்துற சக்கரத்தப் புடிச்சு நிறுத்துறான்.' 'கொழும்புல உள்ளவனுக்கும் வருதே ஆத்தா, அங்க எந்த முனி?' 'அவனுக்கு அவன் ஊரு முனி.'

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே எனக்கு ஒரே வெறுப்பு, எத்தனை முட்டாள்கள், மாவாம், மருந்தாம், முனியாம், கொழும்பில் வேலை பார்க்கிற என் மகள் சுதர்ஷினி போனில் டென்ஷன்தான் காரணம் அப்பா என்கிறாள், சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில் உப்புக் குவியலின் மேல் ஒரு மண்டை ஓடு... ஒருவருக்காவது உண்மை தெரிகிறதா? நாற்றம்தான் நோய். இதை நான் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்க ஆளில்லை, நாற்றம் மூக்கு வழியாக ஏறி, மண்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, முதுகுத் தண்டில் இறங்கி, எந்த உறுப்பு இளித்துக்கொண்டிருக்கிறதோ அங்கே பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும், கெட்டுப்போகிற எந்தப் பொருளும் முதலில் நாறும், அப்புறம்தான் கெடும், கொழுந்திலேயே பார்த்திருக்கிறேன், மனிதன் மட்டும் விதிவிலக்கா என்ன? மூக்கனுக்கு நோய் வந்தது கானோரத்துக் காம்பிரா வீட்டில் இருந்ததால், காளியாயி நூற்றுப் பத்து வரை இருப்பது, அவள் வாயின் நாற்றத்துக்குப் பயந்து மற்ற நாற்றங்கள் கிட்டே வராததால். என்னைப் பாருங்கள், லேஞ்சி, தைலம், வாசலில் துளசி, எழுபத்தொரு வயதில் பல்லெல்லாம் என் சொந்தப் பல்... ஒரு பிளஸ் வந்ததே? அது, அது இந்த ஆஸ்பத்திரிக்கே வந்து உட்கார்ந்ததால் ஏறின நாற்றமாக இருக்கும்.

நர்ஸ் மிஸ்ஸி தட்டை எடுத்து ஒவ்வொரு போத்தலிலும் காகிதக் குச்சியை நனைத்து நனைத்து வெளிச்சத்தில் பிடித்தாள், என் போத்தலில் நனைத்தாள், பிடித்தாள், இன்னும் ஒரு குச்சி எடுத்து நனைத்தாள், நான் அழகுமுத்துவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவன் கதையை நிறுத்திவிட்டேன், ஏன் இரண்டாவது குச்சி, தங்கம் என்றால் உரசிப் பார்க்கத்தானே செய்வார்கள்... அவள் வரிசையை விட்டு என் கொப்பியை மேலே எடுத்து உள்ளே கொண்டுபோனாள். 'கணேசமூர்த்தி!' வரிசைக்கு முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்கள், வாங்கிலிருந்தவர்கள் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். டொக்டர் றிப்கா, சின்னப் பிள்ளை, என் மகளைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும், முகத்தில் சிரிப்பு இல்லை. 'அய்யா, போன முற ஒரு பிளஸ். இந்த முற மூணு பிளஸ். மூணு மாசத்துல இப்பிடி ஏறுறது சரியில்ல.' மூன்றா? நாகலெட்சுமிக்கா? நான் சிரித்தேன், வாய் தானாகச் சிரித்தது, 'டொக்டரம்மா, குச்சி பழசா இருக்கும்.' 'ரெண்டு குச்சி பாத்தாச்சு அய்யா.' குனிந்து என் கணுக்காலை அமுக்கினாள், 'வீக்கம் இல்லியே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

காலையில் எழும்பும்போது முகம், கண்ணுக்குக் கீழே, ஊதினாற்போல இருக்குமா? இருக்கும், இருக்கும், அடுப்படியில் விறகை ஊதிக்கொண்டு அவள் திரும்பிப் பார்க்கும்போது முகம் அவித்த பிட்டு மாதிரி, 'என்னடி தேனீ கொட்டிருச்சா' என்று நான்தானே கேட்பேன்... ஆமா டொக்டரம்மா, என்றேன். பொழுது சாயும்போது செருப்பு இறுகுமா? செருப்பு வார் பதிந்த தடம் அவள் காலில் இராச்சாப்பாடு வரைக்கும் நிற்கும். ஆமா. களைப்பு? மலையில் அவள் கூடை போட்டு ஓடுகிற ஓட்டத்துக்கு முன்னால் ஆட்டுக்குட்டி நிற்காது, இப்போது இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள், வயசு என்றேன், சோம்பேறித்தனம் என்றேன். ஆமா. கைகால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறீர்களா, எத்தனை காலம்? மர்சூக் கடையில் மஞ்சள் நிறத்தில், தாளில் சுருட்டித் தருவான், முழங்காலுக்கு நல்லது என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன், காலை ஒன்று மாலை ஒன்று. ரெண்டு வருசம், டொக்டரம்மா. 'யா அல்லாஹ்' என்றாள் மெதுவாக, ஏதோ எழுதினாள். 'சலம் போகக்குள்ள நுரைக்குமா? நுரை உடையாம நிக்குமா?' அறையில் டெட்டோல், ஈரக் கம்பளி, யாரோ சின்னப் பிள்ளை எடுத்த வாந்தி, எல்லாம் தனித்தனியாக மூக்குக்குத் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லலாம், ஆனால் இரண்டு வருடம், தினமும் காலையில், வலது கையில் தூக்கிக்கொண்டு போனேனே... 'அய்யா?' 'பியர் மாதிரி' என்றேன்.

இப்போது சொல்லியிருக்கலாம். டொக்டரம்மா, அது என்னோடது இல்ல, என்று நான்கே சொல். அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை என்ன முகத்தோடு பார்ப்பாள், வாளியிலிருந்து புனல் வைத்து ஊற்றினேன் என்று எப்படிச் சொல்வது, மிஸ்ஸி கேட்டால் வாங்கு முழுக்கத் தெரியும், வாங்குக்குத் தெரிந்தால் தோட்டத்துக்குத் தெரியும், நான் சிரித்த சிரிப்பெல்லாம் திரும்பி வரிசையாக என் வாசலுக்கு வரும்... அதற்குள், 'கூட யாராச்சும் வந்திரிக்கிறாங்களா, கூப்பிடுங்க' என்றாள் டொக்டர். நாகலெட்சுமி வந்தாள், குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல வந்தாள். டொக்டர் அவளுக்கு என் கிட்னியைப் பற்றிச் சொன்னாள், உப்பைக் குறைக்கணும், கருவாடு, ஊறுகாய் கூடாது, வலி மாத்திரையைத் தொடவே கூடாது, செவ்வாய்க்கிழமை இரத்தம் எடுக்கணும், அப்புறம் கண்டிக்கு, இப்ப கவனிச்சா காப்பாத்தலாம், விட்டா வருசக் கணக்கு இல்ல, மாசக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் இவள் தலையாட்டினாள், கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, 'நான் பாத்துக்கிறேன் டொக்டரம்மா, இவர ஒரு கல்லு உப்பு தொட விடமாட்டேன்' என்றாள், அப்புறம் குரலைத் தாழ்த்தி, 'ஒரு கிட்னி இருந்தா போதும்னு சொல்றாங்களே... எனக்கு ஒரு நோவும் கெடையாது. என்னோடத ஒண்ணு எடுத்து இவருக்கு வச்சிரலாமா?' என்றாள். டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தாள், 'அந்தளவுக்கு இன்னும் போகல்லம்மா', பிறகு இவள் முகத்தையே ஒரு கணம் பார்த்து, 'உங்கட மொகமும் கொஞ்சம் ஊதினாப்போல இரிக்கே?' என்றாள், பிடித்துக்கொள் பிள்ளை, நீயே பிடித்துக்கொள், நான் சொல்லாமலே பிடித்துவிடு... 'பஸ்ஸுல சன்னல் காத்து டொக்டரம்மா' என்று இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மிஸ்ஸி அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டாள்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கிறோம், மழை விட்டுச் சாரல், ஒரு பக்கம் ரோட்டு, ஒரு பக்கம் தேயிலை. என் மண்டைக்குள் வாங்குச் சபை மறுபடி கூடிவிட்டது, இந்த முறை நான் ஒருவனே நான்கு பேர், வாளியில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்ட் கலந்திருக்கும், அதுதான் பிளஸ், இல்லை, போத்தலில் இருமல் மருந்து மிச்சம் இருந்திருக்கும், இல்லை, தட்டில் போத்தல் மாறியிருக்கும், அந்த யோகட் கப் மகராசனுடையதாக இருக்கும், காளியாயியுடையதாகக்கூட இருக்கும்... ஏன் இப்படி அருவருப்பாக இருக்கிறது, இது வெளி நாற்றம் இல்லையே, உள்ளேயிருந்து வருகிற மாதிரி. இவளோ வழி முழுக்கச் சமையல் திட்டம், 'இன்னையிலேருந்து ஒங்களுக்கு தனிச் சட்டி. உப்பில்லாத கறி எறங்காது, எலுமிச்சங்கா புழிஞ்சு தாரேன். பொரிச்சு வச்ச நெத்தலி இருக்கு, அத நானே தின்னு தீத்துருறேன், வீணாக்க வேணாம்.' தின்று தீர்க்கப் போகிறாளாம். 'மாத்திரப் பொட்டலம் ரெண்டும் நானே போட்டு முடிச்சிருறேன், ஒங்க கண்ணுல படக்கூடாது.' ஏ, நில்லு, என்றேன், எனக்கே கேட்காத சத்தத்தில். அவள் நின்றுவிட்டாள்தான், ஆனால் நான் சொன்னதற்காக இல்லை, முகம் சுண்டி, தொடையை நெருக்கிக்கொண்டு, 'ஏங்க, குடையப் புடிங்க, இந்த மறைவுல ஒரு நிமிசம் போய்ட்டு வந்துர்றேன்.'

'ஆஸ்பத்திரியிலயே போயிருக்கலாமே, கக்கூசு பளபளன்னுதான இருந்திச்சு' என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை, அதுதான்... 'நான் வெளியூரு கக்கூசுக்கு என்னைக்கிங்க போயிருக்கேன்? மறந்துட்டீங்களா, கல்யாணம் முடிஞ்சு மூணாவது வாரம், கோடிக் கக்கூசுக்குப் போய்ட்டு வந்தவள வாசல்லயே நிறுத்தி, மூக்கப் பொத்திக்கிட்டு, நாத்தத்தோட நோவையும் கூட்டிட்டு வர்றாய்யா பொண்டாட்டின்னு கத்துனீங்க, லயமே வந்து நின்னு சிரிச்சிச்சு. நீங்க தமாசுக்குத்தான் சொன்னீங்க. ஆனா அன்னையிலேருந்து நான் விடியிறதுக்கு முந்தி ஒரு தரம், இருட்டுனப்புறம் ஒரு தரம், அவ்வளவுதான். மலைக்குப் போனா தண்ணியே குடிக்க மாட்டேன். ஒனக்கு மூத்திரப் பையா தண்ணி டேங்கியான்னு கங்காணியே கேப்பாரு.' பெருமையாகத்தான் சொன்னாள், பரிசு வாங்கினவள் மாதிரி. 'இப்பத்தான் கொஞ்ச நாளா அடக்க முடியல. வெளியன்னா பரவாயில்ல, காத்துல போயிரும், சேலையில ஒட்டாது.' சொல்லிக்கொண்டே செடிகளுக்கு நடுவில் இறங்கிப் போனாள், முழங்காலைப் பிடித்துப் பிடித்து. எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. எவ்வளவோ தமாஷ் பண்ணியிருக்கிறேன், எதை என்று ஞாபகம் வைப்பது... நாற்பத்தொரு வருடம். மாவு, மருந்து, முனி, மஞ்சள் மாத்திரை, எல்லாவற்றையும் வாங்கில் உட்கார வைத்தோமே, இந்தத் தமாஷுக்கு ஓர் இடம் போட்டோமா? அடக்கினால் கிட்னிக்கு வருமா, வராதா, அதை யாரிடம் கேட்பது, கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பார்களே.

அவள் ஏறி வந்து குடையை வாங்கிக்கொண்டு தரிப்பிடத்துக்குப் போனாள். நானும் போய்ட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் இறங்கினேன், ஏன் இறங்கினேன் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரிதான் இறங்கினேன். இங்கே வாளி இல்லை, பெயிண்ட் இல்லை, இருமல் மருந்து இல்லை, மாறிப்போகத் தட்டு இல்லை. கவ்வாத்து வெட்டிப் போட்ட சுள்ளிகள், காய்ந்த இலைகள், அதன் மேல் நுரை, வெள்ளையாக, சின்னச் சின்னதாக, நெருக்கமாக, சாரல் அதன் மேல் விழுகிறது, உடையவில்லை. குனிந்தேன். முப்பத்தாறு வருடத்து மூக்கு, சொல், இப்போதாவது சொல், ஏதாவது ஒரு வாசம், கெட்டது, புளித்தது, துருப்பிடித்தது, எதையாவது சொல்லிவிட்டால் நான் நம்பிவிடுவேன்... தைலம் மட்டும்தான். ஒன்றும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு அந்த நுரை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தினமும் காலையில் பார்த்த மாதிரியே. மேலே ரோட்டில் ஹோர்ன் கேட்டது, 'ஏங்க, பஸ்ஸு வருது, வாங்க!' என்று அவள் கத்தினாள். நான் நிமிர்ந்து, என்னிடம் இருந்த சத்தத்தை எல்லாம் சேர்த்து, நாகு, பஸ்ஸ விடு, போகட்டும், நம்ம திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று கத்தினேன். அவள் காதில் கையை வைத்து என் பக்கமாகச் சாய்ந்தாள், 'என்னாங்க? ஒண்ணும் வெளங்கல!' என்றாள். பஸ் நின்றது, கதவு திறந்தது, நான் மறுபடி அதையே கத்தினேன், அவள் மறுபடி தலையை ஆட்டினாள், அப்போதுதான் பார்த்தேன், என் இடது கை, லேஞ்சியோடு, இன்னும் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தது.